முழங்கைத் தழும்பு

கலியாணம் முடிந்த நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டை, புட்போல். என் கணவர் கோல்கீப்பர். ஞாயிறு தோறும் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வருவார். கோபத்தில் நான் ஒரு மேட்ச்கூடப் பார்க்கப் போனதில்லை.

யுத்த காலம். கொழும்பில், வெள்ளவத்தை ராணுவச் செக்பொயின்டில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். ஆமிக்காரன் இவருடைய சட்டைக் கையை மடிக்கச் சொன்னான். முழங்கையில் தழும்புள்ள தமிழ்ப் பெடியன் என்றால் புலிகள் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்பது அவர்கள் கணக்கு.

“விளையாடி விழுந்தது” என்று இவர் சிங்களத்தில் சொன்னார். அவன் நம்பவில்லை, ஜீப்பைக் காட்டினான். அப்படி ஏறிப்போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. பிறகு என்னிடம், எந்த மேட்சில் விழுந்தார் என்று கேட்டான். எனக்குத் தெரியாது. பயத்தில் வாயில் வந்தது வீட்டில் பேசும் பேச்சுத்தான்.

“எத்தினை தரம் சொன்னனான், புட்போலை விடுங்கோ எண்டு! நீங்கள் கட்டினது என்னையோ, அந்தப் புட்போலையோ?”

அவனுக்குத் தமிழ் தெரியாது. புட்போல் என்ற சொல்லும் என் ஏச்சும் போதுமாக இருந்தன. சிரித்துவிட்டான். தன் மனைவியும் இப்படித்தான் என்று சிங்களத்தில் சொல்லி, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

அதன் பிறகு ஒரு மேட்சையும் நான் தவறவிடவில்லை. பந்து போகும் பக்கம் பார்க்க மாட்டேன். இவர் விழும்போது எந்தக் கை தரையில் தேய்கிறது என்று மட்டும் பார்த்து வைப்பேன். மறுபடி யாரும் கேட்டால் சொல்ல வேண்டுமே.