முதலாளிக்கு ஓய்வு, மற்றவர்களுக்கு ஊசி

எண்பதுகளின் நடுவில் நாலு வருஷம் திண்டிவனத்தில், வீட்டிலேயே வைத்தியம் பார்த்த ஒரு தனியார் டாக்டரிடம் வேலை பார்த்தேன். எல்லோரும் என்னை நர்ஸம்மா என்று கூப்பிட்டார்கள். நான் எந்த நர்ஸிங் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதித்ததில்லை. பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தவளுக்கு ஊசி போடவும் மிக்சர் கலக்கவும் டாக்டரே கற்றுக்கொடுத்தார். வீடு விழுப்புரத்தில். காலையில் பாசஞ்சரில் போய், சாயங்காலம் எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் திரும்புவேன்.

அதில் ஒரு வருஷம் ஐப்பசி மழையோடு காய்ச்சலும் வந்தது. ஜனங்கள் விஷக்காய்ச்சல் என்றார்கள், டாக்டர் ஃப்ளூ என்றார். மழைக்காக ஜன்னலையெல்லாம் இறக்கிவிட்டு, ஒருத்தர் மூச்சை ஒருத்தர் வாங்கிக்கொண்டு, ரயில் பெட்டி முழுக்க இருமிக்கொண்டே போனோம். ஒரு வாரத்தில் எனக்கும் வந்தது. டாக்டர் என் நாடியைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்ப் படும்மா, அஞ்சு நாளைக்கு இந்தப் பக்கம் வராத" என்றார். அப்பா ரயில்வேயில் இருந்தார். நான் படுத்தால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடாது. அம்மா வேளைக்கு வேளை கஞ்சி கொடுத்தாள், படுத்துக் கிடந்தேன், ஆறாம் நாள் எழுந்து வேலைக்குப் போனேன். எனக்கு ஏன் ஊசி போடவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இதுக்கு ஊசி எதுக்கு? படுத்தா போயிடும்" என்றார்.

இதைச் சொன்ன மனுஷன் அன்றைக்கு முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் ஊசி எழுதினார். போட்டவள் நான். அது வெறும் சத்து ஊசி. மஞ்சளாக இருக்கும், போட்ட இடம் சுரீரென்று கடுக்கும். கடுத்தால்தான் நல்ல ஊசி என்று ஜனங்களுக்கு ஒரு திருப்தி. தடவிக்கொண்டே நேராக வேலைக்குப் போவார்கள். ஊசி போட்டாயிற்று என்றால் காய்ச்சல் போயாயிற்று என்று கணக்கு. உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, முதலாளிக்குக் காய்ச்சல் கண்டது. அவர் எங்களிடம் வரவில்லை, நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போனோம். டாக்டர் ஸ்கூட்டர் ஓட்ட, பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் நான். மாடியில் அவருக்குத் தனி அறை, தனி டம்ளர், தனித் தட்டு. பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளப் போகிறது என்று அவர்களைப் பாண்டிச்சேரியில் மாமனார் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். டாக்டர் நிதானமாக உட்கார்ந்து, "ஒரு வாரம் ரெஸ்ட்டு. மண்டிப் பக்கம் தலை வச்சிப் படுக்கக் கூடாது. கஞ்சி, சுடுதண்ணி, தூக்கம்" என்று சொன்னார். ஊசிப் பெட்டியை நான் திறக்கவே இல்லை.

திரும்பி வந்தால் வாசலில் அதே மண்டியின் பெண்கள் காத்திருந்தார்கள். மழைக்குப் பயந்து மண்டியில் கொட்டகைக் கதவை அடைத்துவிடுவார்கள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி இடிக்க, முறத்தில் மல்லாட்டை புடைப்பார்கள். தூசியில் எதிரில் இருப்பவள் முகம் தெரியாது. அந்த வரிசையில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. ரெண்டு நாள் வராவிட்டால் மேஸ்திரி அந்த இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்துவிடுவார். அப்புறம் அந்தப் பருவம் முடியும்வரை இடம் கிடைக்காது. டாக்டர் அவர்கள் எல்லோருக்கும் ஊசி எழுதினார், "நாளைக்கு வேலைக்குப் போலாம்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் கேட்டே விட்டேன். ஒரே காய்ச்சலுக்கு அங்கே ஒரு வைத்தியம், இங்கே ஒரு வைத்தியமா என்று.

அவர் கோபப்படவில்லை. "ரெஸ்ட்டுன்னு சீட்டு எழுதிக் குடுத்தா எந்தக் கடையில போய் வாங்குவாங்க? ஊசின்னா இங்கேயே இருக்குது" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை அவர். அதனால்தான் எரிச்சல் அதிகம். தெரிந்தே செய்கிற நல்ல மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

ரெண்டு நாள் கழித்து டாக்டர் ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். மண்டிப் பெண்களில் ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நாலு நாளாகக் காய்ச்சல், முந்திய ஊசி கேட்கவில்லை. பேசும்போதே மூச்சு வாங்கியது.

"இன்னொரு ஊசி போடும்மா. ஜல்தி போவணும், புடைக்கிற வேலைய வுட்டுட்டு வந்துகீறேன்" என்றாள்.

எனக்கு நியாயம் பேசும் ஆசை வந்துவிட்டது. "அக்கா, இந்த ஊசி காய்ச்சலுக்கு இல்ல. வீட்டுக்குப் போய் ஒரு வாரம் படுங்க. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முதலாளி வூட்டுக்கு மட்டும் பெட்டிய எடுத்துக்கினு போயி போட்டுட்டு வந்தீங்க?"

"அவருக்கும் போடலக்கா. டாக்டர் படுக்கத்தான் சொன்னாரு."

"பொய் சொல்லாதம்மா. அவுரு ரெண்டு நாள்ல எழுந்து உக்காந்துட்டாருன்னா சும்மாவா? நல்ல ஊசிய அவங்களுக்குப் போடுவீங்க, எங்களுக்குன்னா படுன்னு சொல்லி அனுப்புவீங்க."

நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவளுக்கு அவமானம் ஏறிக்கொண்டே போனது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் படிக்காத ஆள் ஒருவன் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் போட்டுக்கொண்டு மறுபடி கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்கு அவள்மேல்தான் கோபம். நல்லது சொன்னால் கேட்காத ஜனம் என்று ரயிலில் பக்கத்தில் இருந்தவளிடம் புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு எவ்வளவு திமிர் இருந்திருக்க வேண்டும். மண்டி எங்கள் டாக்டர் வீட்டிலிருந்து அஞ்சு நிமிஷ நடை. மேஸ்திரி எனக்குத் தெரிந்தவர், அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போட்டிருக்கிறேன். ஒரு நடை போய், இந்த அம்மா ஒரு வாரம் வரமாட்டாள், அவள் இடத்தை வைத்திருங்கள் என்று கேட்டிருக்கலாம். அவர் மாட்டேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. வாய் நிறைய ரெஸ்ட் ரெஸ்ட் என்று சொன்னதோடு என் கடமை முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவளை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். டாக்டர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலில் சளி கட்டிவிட்டது, உடனே விழுப்புரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பஸ்ஸில் நானும் கூடப் போனேன். அவள் புருஷன் தோளில் சாய்ந்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு வந்தாள். ரெண்டாம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டாள். முதலாளி அதற்குள் தேறி, பிள்ளைகளைக் கூட்டிவரப் பாண்டிச்சேரிக்குக் கார் அனுப்பியிருந்தார்.

காரியம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவள் புருஷன் டாக்டர் வீட்டுப் படியேறி வந்தார். கூட அவர் மகள், பதினாலு வயதிருக்கும். தலையெல்லாம் மல்லாட்டைத் தூசி. நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. டாக்டர் சாப்பிடப் போயிருந்தார்.

"இவளுக்காவது ஊசி போட்டுடும்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. "அன்னிக்கு நீங்க அவளுக்குப் போட்டிருந்தா பொழச்சிருப்பா. போனது போவட்டும். அவ எடத்துல இவள உக்கார வச்சிகீறோம். மேஸ்திரி ரெண்டு நாள்தான் பார்ப்பாரு."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ப் படு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்த வீட்டுக்கு அதை ஒருமுறை சொல்லியாயிற்று. மண்டிக்கு ஒரு நடை போகலாமா என்று இப்போது தோன்றியது. போய், என்னவென்று கேட்பது? இது செத்துப்போனவளுடைய இடம், இன்னும் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்றா?

அந்தப் பிள்ளை அதற்குள் தானாகவே திரும்பி, சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு நின்றது. கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஊசியை எடுத்தேன். போட்டேன்.

"நாளைக்கு வேலைக்குப் போலாமில்ல?" என்று கேட்டார் அவர்.

போகலாம் என்றேன்.