மதீனாக்காவின் பைச்சுவர்

பை இல்லாத எதைக் கண்டாலும் மதீனாக்காவுக்குக் கை அரிக்கும். தலையணை உறையின் ஓரத்தில் ஒரு பை வைத்துத் தைப்பாள். அவள் வீட்டுக்காரர் நாகூர் மீரான் அண்ணனின் லுங்கிக்கு உள்பக்கம் ஜிப் வைத்த பை. ஒருமுறை குடைக்குள்ளேயே ஒரு பையைத் தைத்து வைத்துவிட்டு மறந்துபோனாள். கிங்ஸ் சர்க்கிளில் மழை பிடித்தபோது இருவரும் ஒதுங்கி நின்று அந்தக் குடையை விரித்தோம். தலைவலி மாத்திரையும் இரண்டு ஊக்கும் ஒரு பஸ் டிக்கெட்டும் என் உச்சந்தலையில் விழுந்தன. என் முந்தானைக்கும் ஒரு பை வைத்துத் தருவதாக அங்கேயே நின்று சொன்னாள். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

கடையநல்லூரிலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். முழுப்பெயர் மதீனா பீவி. வந்த வீட்டின் கீழ்த்தளமே தோல் பை தைக்கும் கார்கானா. புதுப்பெண் என்று உட்கார்த்தி வைத்தால் அவளுக்குப் பொழுது போகவில்லை. பைக்கு உள்துணி தைக்க உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பெயர்ப்பலகையில் நாகூர் மீரான் என்று எழுதியிருக்கும். ஆனால் எந்தத் தோலை எங்கே வெட்டுவது என்பதில் அண்ணன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். என் வீட்டுக்காரர் வெயிலுமுத்து இந்தப் பக்கம் தும்மினால், "ஏளா செல்வி, இஞ்சி தட்டிப் போட்டு டீ குடு" என்று அந்தப் பக்கமிருந்து உத்தரவு வரும். சண்டை போடுவதென்றால்கூட நாங்கள் கிசுகிசுத்துத்தான் போடவேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் மதீனாக்கா வந்து தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அது எப்போதும் என் வீட்டுக்காரருக்குச் சாதகமாகவே இருக்கும்.

அவளுக்கு ஒரே மகன், அஸாருதீன். நவி மும்பைப் பக்கம் ஐரோலியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்குச் செம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் மெஹக், பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய வாப்பா ரஹ்மத்துல்லா திரைச்சீலைத் துணிக்கடை வைத்திருக்கிறார். பையனும் பெண்ணும் போனில் பேசிப் பேசி இரண்டு பேர் காதும் சூடேறிக் கிடந்தது. பெரியவர்களுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் உம்மா ருக்சானாவுக்கு மட்டும் ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றது.

"மைனி, தப்பா நினைக்காதீக," என்று போனில் ஆரம்பித்தாள். "எம் பொண்ணுக்குன்னு ஒரு கபாட், தனி அலமாரி வேணும். அவ சாமானை அவ வச்சு எடுக்கணும். உங்க வீட்ல அதுக்கு ஜகா இல்லன்னா, மாப்பிள்ளையை ஐரோலியில வாடகைக்கு ஒரு ரூம் பாக்கச் சொல்லுங்க. ஆபீசும் அங்கனதானே இருக்கு?"

மதீனாக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. ஸ்பீக்கரில் போடாவிட்டாலும் கேட்டிருக்கும்.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். முகம் சுருங்கிப்போயிருந்தது. "ஐரோலிக்குப் போனான்னா முடிஞ்சுது செல்வி. பெருநாளைக்கு வந்து பிரியாணி தின்னுட்டு, கையைக் கழுவிட்டு, 'வாரேன் உம்மா'ன்னு போற விருந்தாளி ஆயிருவான். எனக்கு அது தாங்காது," என்றாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் என் கையில் இருந்த அரிசி முறத்தைக் கேட்காமலே வாங்கிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அவள் மனசு சரியில்லை என்றால் யார் வீட்டு வேலையானாலும் பார்ப்பாள்.

அவர்கள் வீட்டில் கீழே முன்பக்கம் கார்கானா, பின்பக்கம் சமையலும் அவர்கள் இருவரின் படுக்கையும். இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு மாலா. தாராவியில் மாடி அறைக்கு அதுதான் பெயர். மகனும் மருமகளும் குடியிருக்கவேண்டிய இடம் அது. ஏணி ஏறும் ஓட்டை ஓர் ஆள் நுழையும் அளவு. நாகூர் மீரான் அண்ணன் ஒரு சின்ன அலமாரியை வாங்கி, கயிறு கட்டி, மேலே ஏற்றப் பார்த்தார். அது ஓட்டையில் வந்து கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மேலே நின்று கயிறு இழுத்த அஸாருதீனால் இறங்க முடியவில்லை. சாயங்காலம் வெல்டிங்காரர் வந்து அலமாரியை அறுத்து எடுக்கும்வரை, அவனுக்கு இடுக்கு வழியாகச் சப்பாத்தியைச் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்தார்கள்.

அன்றைக்குத்தான் மதீனாக்காவுக்கு யோசனை பிறந்தது. "அலமாரி மேல போகலன்னா என்ன? சுவரு ஏற்கெனவே மேலதானே இருக்கு?" என்றாள்.

கார்கானாவில் தோல் வெட்டிய மிச்சம் எப்போதும் மூட்டையாகக் கிடக்கும். அதையெல்லாம் கொட்டி நிறம் பிரித்தாள். கனமான கேன்வாஸ் துணியைச் சுவர் அளவுக்கு வெட்டி, அதன்மேல் பை பையாகத் தைத்தாள். பெரிய பைகள் கீழே, சின்னவை மேலே. ஒவ்வொரு பைக்கும் மூடி. மூடியில் தோலை இலையாகவும் பூவாகவும் வெட்டி ஒட்டினாள். மாந்தளிர் நிறம், மெரூன், கரும்பச்சை. நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு கண்ணாடி. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பூந்தோட்டத்தைச் சுவரில் மாட்டியதுபோல் இருக்கும். கிட்டே போனால் ஒவ்வொரு பூவுக்குப் பின்னாலும் ஒரு வாய் திறக்கும். நான் வாயடைத்து நின்றேன். பொதுவாக நான் அப்படி நிற்பவள் இல்லை.

அதை மாட்டக் குறுக்குக் கட்டை அடித்தபோது, ஆணி சுவரைத் துளைத்து எங்கள் பக்கத்து மாலாவில் விரல் நீளத்துக்கு வெளியே வந்தது. நான் சண்டைக்குக் கிளம்பி அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் வீட்டுக்காரர் அந்த ஆணியில் சட்டையை மாட்டி வைத்துவிட்டு, "நல்ல எடத்துல அடிச்சிருக்காக," என்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு யாரிடம் சண்டை போடுவது?

ருக்சானா ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டாள். மதீனாக்காவுக்கு ராத்தூக்கம் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் என்னை மேலே கூப்பிட்டாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொங்குதுல்ல?"

"என்னது?"

"பையெல்லாம் சப்பையாத் தொங்குது. செத்தது மாதிரி இருக்கு."

பை வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலிப் பையை யார் கண்ணிலும் காட்டமாட்டார்கள். புதுப் பை தைத்து முடித்ததும் உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, பிள்ளைத்தாச்சி மாதிரி உப்ப வைத்துத்தான் கடைக்கு அனுப்புவார்கள். அப்போதுதான் பைக்கு உருவம் வரும், வாங்குகிறவனுக்கும் ஆசை வரும். மதீனாக்காவும் ஆயுசு முழுக்க இதைத்தான் செய்து வந்திருக்கிறாள். இப்போதும் அதைத்தான் செய்தாள்.

என் வீட்டுக்காரருக்கு இட்லி வியாபாரம். பார்சல் கட்ட அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பர் அத்தனையும் அன்றைக்கு மேலே ஏறியது. இந்தி, மராத்தி, தமிழ் என்று பேதமில்லாமல் கசக்கினோம். என் பெருவிரல் கறுத்துப்போனது. சுவர் முழுக்கப் பைகள் கொழுகொழுவென்று நின்றன. எனக்கும் அப்போது அது தப்பு என்று தோன்றவில்லை. தாராவியில் இத்தனை வருஷம் இருந்தால் எனக்கு மட்டும் வேறு புத்தியா வரும்?

மறுநாள் ரஹ்மத்துல்லாவும் ருக்சானாவும் வந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறக்கூடாது என்பதால் மெஹக் வரவில்லை. ரஹ்மத்துல்லா கீழேயே நாகூர் மீரான் அண்ணனோடு டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். ருக்சானா மூச்சு வாங்க ஏணி ஏறினாள். பின்னாலேயே மதீனாக்கா, அவள் பின்னால் நான். அழைக்காவிட்டாலும் போயிருப்பேன்.

சுவரைப் பார்த்ததும் ருக்சானாவின் கண் விரிந்தது. "மாஷா அல்லாஹ்!" என்றாள். மதீனாக்கா என் கையைக் கிள்ளினாள். அடுத்த நிமிஷம் ருக்சானாவின் முகம் வாடிவிட்டது. ஒரு பையைத் தொட்டாள், இன்னொன்றைத் தொட்டாள்.

"அளகாத்தான் இருக்கு மைனி. ஆனா எல்லாம் உங்க சாமானாலேயே ரொம்பிக் கெடக்கே? எள்ளு போட்டா எள்ளு விழாது போலருக்கு. எம் பொண்ணு துணியை எங்க வைப்பா, உங்க தலையிலயா?"

பாராட்டை எதிர்பார்த்து நின்றவள் மதீனாக்கா. நான்தான் முந்திக்கொண்டு, "சாமான் இல்லக்கா, பேப்பரு!" என்றேன்.

"பேப்பரா?" ருக்சானா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பழைய பேப்பர் வைக்கவே ஒரு சுவரு வேணும்னா, மனுசியை எங்க வைப்பீக?"

மதீனாக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பாய்ந்து போய் ஒரு பையைத் திறந்து பேப்பரைப் பிடுங்கினாள். அடுத்ததைத் திறந்தாள். "பாருங்க, காலி. இதுவும் காலி. எல்லாம் காலிதான் மைனி!" கசங்கிய பேப்பர் அறை முழுக்கப் பறந்தது. முழங்கால் வரை குவிந்து, ஏணி ஓட்டை வழியாகக் கீழே கொட்ட ஆரம்பித்தது. கீழேயிருந்து ரஹ்மத்துல்லா, "என்னம்மா ருக்சானா, மேல எல்லாம் சொகந்தானா?" என்று கேட்டார். அவருடைய டீயில் ஒரு ராசிபலன் பக்கம் மிதந்ததாகப் பிறகு அண்ணன் சொன்னார்.

ருக்சானா அசையவில்லை. யோசித்துவிட்டுக் கைப்பையிலிருந்து போனை எடுத்து மகளுக்கு வீடியோ கால் போட்டாள். "இருக்கப்போறவ நீதானே, நீயே பாரு," என்று சுவர் பக்கம் திருப்பினாள்.

"அரே வாஹ்!" என்றது போன். "மாமி, சலாம். யே சப், இதெல்லாம் நீங்களா செஞ்சீங்க?"

அந்தக் குரலைக் கேட்டதும் மதீனாக்காவுக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு பையாகத் தொட்டுச் சொன்னாள். "இந்த நீளப்பை உன் புர்கா மடிக்காம தொங்கப்போட. இது துப்பட்டா. இதுக்குள்ள வெல்வெட் வச்சிருக்கேன், வளையல் உடையாது. இது பரீட்சைப் பேப்பர் திருத்துறதுக்கு. சிவப்புப் பேனா சொருவ இடம் இருக்கு பாரு. தலமாட்டுல இருக்கது போன் சார்ஜுக்கு, வயர் வெளிய வர ஓட்டை போட்டிருக்கேன். இது உங்க உம்மா வாப்பா போட்டோவுக்கு. நெனப்பு வந்தா எடுத்துப் பாத்துக்க."

ஓரத்தில் ஒரு மெரூன் பைக்கு மட்டும் சின்னப் பூட்டு போட்டிருந்தது. "அது என்ன பூட்டு?" என்றாள் ருக்சானா.

"மாமியாருக்குத் தெரியக்கூடாததுன்னு ஒரு பொண்ணுக்கு ஏதாவது இருக்கும்லா மைனி. அதுக்கு."

"இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்குமே?"

"ரெண்டு சாவியும் அந்த வளையத்துலதான் கெடக்கு. இந்தாங்க, இப்பவே கொண்டு போங்க."

ருக்சானா சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் போன் பேசியது.

"மாமி, எல்லாம் எனக்கா? அப்ப அவருக்கு எது?"

மதீனாக்கா சுவரைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். குனிந்து கீழ் வரிசையைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த மகன் வீட்டை விட்டுப் போய்விடக்கூடாது என்று பாடுபட்டாளோ, அந்த மகனுக்கு அந்தச் சுவரில் ஒரு பைகூட இல்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியது என்பார்கள். இங்கே பிடாரி இன்னும் வரவேயில்லை, அதற்குள் பெற்ற தாயே விரட்டிவிட்டாள்.

பேப்பர் மழை கண்டு என்னவோ ஏதோவென்று ஏணியில் ஏறி வந்திருந்த அஸாருதீன், ஓட்டையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, "உம்மா, எனக்கு ஒண்ணுகூட இல்லையா?" என்றான்.

"ஒனக்கு என்னத்துக்குடா? கொடியில போடு!" என்று சீறினாள் மதீனாக்கா. மாட்டிக்கொண்டால் அவளுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

போனில் மெஹக் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ருக்சானா சிரிக்கவில்லை. பேப்பர் குவியலுக்கு நடுவில் மெத்தையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நான் வாக்கப்பட்டு வந்த வீட்ல எல்லாருக்கும் எடம் இருந்துச்சு மைனி," என்றாள். "எனக்குத்தான் இல்ல. என் துணி மூட்டை கட்டிலுக்கு அடியிலதான் கெடந்துச்சு. மூத்தவ பொறந்த பொறவும் அங்கனதான். கபாட்டு கபாட்டுன்னு நான் கேட்டது பலகைக்கும் தகரத்துக்கும் இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏணிப்பக்கம் குனிந்து கணவருக்குக் குரல் கொடுத்தாள். "ஏங்க, ஐரோலிப் பேச்சை விட்ருங்க. தேதி பாருங்க."

மதீனாக்காவுக்கு அழுகை வந்தேவிட்டது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அஸாருதீன் இன்னும் ஓட்டையில்தான் நின்றான். அவன் கவலை அவனுக்கு. "அப்ப என் பேண்ட் சட்டை?" என்றான்.

"மாமி, கீழ ஓரத்துல ஒரு சின்னப் பை தெரியுதுல்ல? அதை அவருக்குக் கொடுத்துர்றேன்," என்றது போன். "சாக்ஸ் மட்டும். தொவச்ச சாக்ஸ். அதையும் என்கிட்ட கேட்டுட்டுத்தான் தொறக்கணும்."

"கேட்டுக்கிட்டியாடா?" என்றாள் மதீனாக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.