கம்ப்யூட்டருக்குப் போர்த்திய துணி

என் மாமா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்பு லீவில் நான் அங்கேதான் கிடந்தேன். மாமாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, பனமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தாள். பெரியப்பா போன பிறகு கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறித்தே மகளைப் பன்னிரண்டாவது முடிக்க வைத்தவள். அந்த மகள், எனக்கு அக்கா, நர்சிங் சேர வேண்டும், அது ஒன்றுதான் அந்த வீட்டில் பேச்சு. விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்பதால் பெரியம்மா இரண்டு ஆட்டை விற்று, புது கம்ப்யூட்டர் வாங்கித் தரச் சொல்லித் தம்பியிடம் பணத்தைக் கொடுத்திருந்தாள். அது கடை வாடகைக்குப் போய்விட்டது.

மாமா என்ன செய்தார்? மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, செட்டிங்கில் போய் பிராசஸரின் வேகத்தை ஏற்றிவிட்டார். புதுசு மாதிரியே பறந்தது. ஆனால் வேகம் ஏறினால் சூடும் ஏறும். அதற்குத் தக்க பெரிய ஃபேன் உள்ளே மாட்ட வேண்டும். மாமாவிடம் அதற்கு வழியில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். எத்தனை டிகிரி சூடு என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் ஓடும். அதைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

“தொண்ணூறத் தாண்டுச்சுன்னா அதுவே ஆஃப் ஆயிடும் பாப்பா. பாத்துக்கினே இரு.”

தகடு திறந்திருந்தால் எழுபதோடு நின்றது. மூடினால் கால் மணி நேரத்தில் படுத்துக்கொண்டது. மாமா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தகட்டை மூடி நான்கு திருகாணியையும் இறுக்கினார். திறந்து கிடக்கிற பெட்டியைப் புதுசு என்று யார் நம்புவார்கள்?

“பெரியம்மாகிட்ட வாயத் தொறக்காத. துட்டு வந்ததும் நல்ல ஃபேனா மாட்டிடறேன்” என்று சொல்லி, என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறினால் யார் தலையில் கை வைத்தோமோ அவர் செத்துப்போவார் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பெரியம்மா வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் சாமி படத்துக்குப் பக்கத்து செல்ஃபில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்தது. தூசு படக்கூடாதென்று, மயில் போட்டுத் தான் தைத்து வைத்திருந்த துணியைத் திரையை விட்டுப் பெட்டியின்மேல் போர்த்தினாள் பெரியம்மா; அது ஓடும்போதும் எடுக்கமாட்டாள். மீதி லீவுக்கு நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

தாலுகா ஆபீஸுக்கு அலைந்து அலைந்து, சாதிச் சான்றிதழ் கைக்கு வந்ததே விண்ணப்பத்தின் கடைசி நாளில்தான். மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும். பகல் இரண்டு மணிக்கு அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட், அனல் கொட்டியது. பாதி நிரப்புவதற்குள் திரை கறுத்தது. மறுபடி போட்டு முதலிலிருந்து நிரப்பினாள். மறுபடி கறுத்தது. மாமா போனை எடுக்கவில்லை.

“இன்னாடி இது, இன்னிக்குன்னு பார்த்து பேஜாரு பண்ணுது?” என்று பெரியம்மா கையைப் பிசைந்தாள்.

நான் பக்கத்திலேயே நின்று அந்த நான்கு திருகாணியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றுங்கள், ஃபேனைத் திருப்புங்கள் என்று சொன்னால் போதும். சொல்லியிருந்தால் மாமா செத்துப்போயிருப்பாரே!

நான்காம் தடவையும் கறுத்த பிறகு, அனந்தபுரத்தில் நெட் சென்டர் இருக்கிறதென்று இருவரும் ஓடினார்கள். பஸ் வந்து, போய்ச் சேர்ந்து, கூட்டத்தில் நின்று, அவள் முறை வரும்போது ஐந்து அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. திரும்பி வந்து அக்கா ஒரு சொட்டு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகம் வெளுத்துப்போய்ச் செல்ஃபைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியை இழுத்துக் கீழே போட்டார்.

“அக்கா, இத யாரு போத்தச் சொன்னது? மூச்சு முட்டி சூடேறிப் போச்சு.”

“ஐயோ, எம்பொண்ணு தலையில நானே மண்ண வாரிப் போட்டுட்டனே” என்று பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டாள். துணி இல்லாவிட்டாலும் அது படுத்திருக்கும். கடையிலேயே பார்த்தவள் நான். மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. யாரும் பார்க்காதபோது வேகத்தைப் பழையபடி குறைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அது ஆமை மாதிரி நகர்ந்தது. ஒரு நாளும் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அக்கா செருப்புக் கம்பெனியில் சேர்ந்தாள். இன்றைக்கும் விடியற்காலை அந்தக் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறாள். பெரியம்மா அதன்பின் வீட்டில் எதன்மேலும் துணி போர்த்தவில்லை, டிவி மேல்கூட.

போன வருஷம் பெரியம்மாவை விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பிழைக்கமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

“அன்னிக்கு கூடத்தான நின்னுக்கினு இருந்த பாப்பா. நீயாவது அந்தத் துணிய எடுன்னு சொல்லியிருக்கலாமே.”

மாமா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார், நரைத்த தலையோடு. நான் வாயைத் திறக்கவில்லை.

மாமாவின் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று பத்து வயதில் நிம்மதியாகத் தூங்கினேன். துணிமேல் போட்ட பழி துணியோடு போய்விடும் என்றுதான் அப்போது நினைத்தேன்.