எட்டாம் நாள் படையல்

என் கணவர் இறந்து எட்டாம் நாள். அன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும். மீன், நண்டு, மரக்கறி எல்லாம் வாங்கியாயிற்று.

"அவருக்கு என்ன விருப்பமெண்டு கெதியாச் சொல்லு. பொழுதுபடப் போகுது," என்று அக்கா அவசரப்படுத்தினார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் சமைத்தவர் அவர்தான். நான் சாப்பிட்டுக் குறை சொன்னவள். சமையல் குறிப்புகளையெல்லாம் ஒரு மென்பொருளில் போட்டு, யார் யாருக்கு எது பிடிக்கும் என்று ஆட்களின் பெயரில் பிரித்து வைத்திருந்தார். அந்த நினைவு வந்ததும் மகளை மடிக்கணினியைத் திறக்கச் சொன்னேன்.

என் பெயரில் நண்டுக்கறி, ஒடியற்கூழ் என்று நீளமாகப் போனது. மகளின் பெயரில் மீன்பொரியல். அக்காவின் பெயரில்கூட வாழைப்பூ வறை இருந்தது. முற்றத்தில் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். மகள் மேலும் கீழும் தேடினாள். அக்கா குசினி வாசலை விட்டு நகரவில்லை.

"அப்பாவின்ரை பேரிலை ஒண்டும் இல்லையம்மா."

நான் எழுந்துபோய் நண்டைக் கழுவத் தொடங்கினேன்.

அன்று எங்களுக்குப் பிடித்தவற்றை அவருக்குப் படைத்தோம். இத்தனை வருடம் அவருக்கு முன்னால் இருந்து சாப்பிட்டவள் நான். ஒருநாளாவது அவருடைய சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்திருக்கலாம்.