அட்டையோடு நின்றவர்

பெரியகல்லாற்று வாவிக்கரை. மூன்று நாளாக நான் காத்திருந்த அந்திச் சிவப்பு இன்று வானமெங்கும் பரவுகிறது. கேமராவைத் தூக்கியதும், தோணியில் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் அடையாள அட்டையை எடுத்து நெஞ்சருகே பிடித்தபடி நிற்கிறார்.

"எந்த என்ஜிஓ புள்ள?"

"என்ஜிஓ இல்ல அண்ணன். வானத்தப் படம் எடுக்க வந்தன்."

அட்டையைச் சட்டைப்பைக்குள் வைக்கிறார். "சுனாமிக்கும் சண்டைக்கும் வந்தவங்க எல்லாரும் என்னை உடைஞ்ச ஊட்டுக்கு முன்னால அட்டையோட நிக்கவெச்சித்தான் எடுத்தாங்க. இப்ப தொழில் செய்யிறன். இத எடு."

வலையை ஓங்குகிறார். சூரியன் அவருக்குப் பின்னால் இருப்பதால் முகம் வெறும் கறுப்பாகத் தெரிகிறது.

"கொஞ்சம் பொறுங்க" என்று முழங்கால் தண்ணீரில் இறங்கி, தோணியைச் சுற்றி மறுபக்கம் போகிறேன். அவர் என் பக்கம் திரும்ப, முகம் துலங்குகிறது.

வானம் என் முதுகுக்குப் பின்னால் எரியட்டும்.