டெல்மர் மச்சானும் மூடாத போல்ட்டும்

என் அக்கா வில்மாவைக் கட்டியவர் டெல்மர் குவிஸ்ட். முப்பது வருஷம் மொன்டானா மலைச்சாலைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். கனம் அளக்கும் காலிப்பர் கருவி இல்லாமல் அவர் எதையும் நம்பமாட்டார். அக்கா பான்கேக் சுட்டால்கூட அதன் கனத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அக்கா இன்னும் அவரோடு குடும்பம் நடத்துவது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எங்கள் ஊரில் பாதிப் பேர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, மருந்தும் குண்டும் புதிதாக அடைத்துக்கொள்வோம். சுடும்போது கூடு துப்பாக்கியின் அறைக்குள் உப்பிவிடும். அதை அச்சில் கொடுத்து, கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையைத் துளி பின்னுக்குத் தள்ளினால்தான் மறுபடி உள்ளே போகும். அந்தத் துளி எவ்வளவு என்பதில்தான் எங்கள் ஊர்ச் சண்டையெல்லாம்.

மச்சானுக்கு அது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. கூடுதலும் கிடையாது, குறைவும் கிடையாது. ஒவ்வொரு கூட்டையும் அச்சில் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து நோட்டில் எழுதுவார். பதினோரு நோட்டு சேர்ந்துவிட்டது. தபாலாபீஸ் ஆர்லீன் டட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அச்சோடு வந்த காகிதத்தில் போட்டபடி அச்சைத் திருகி வைத்துவிட்டு, அழுத்திய முதல் கூட்டைத் துப்பாக்கியில் போட்டுப் பார்ப்பாள். அறையை அடைக்கும் போல்ட் சுலபமாக மூடினால் சரி என்பாள்.

"இது என்னம்மா, கால்ல செருப்பு போட்டுப் பாக்குற மாதிரி!" என்று மச்சான் கேலி பண்ணுவார். "கை பொய் சொல்லும். கருவி சொல்லாது."

"உங்க போல்ட்டை உள்ளங்கையால அறைஞ்சு மூடுறீங்களே அண்ணே, அது என்ன கருவி?"

"இறுக்கமா இருந்தாத்தான் குறி தப்பாது. உனக்கு எங்க புரியப்போகுது?"

போன வருஷம் குலுக்கலில் மச்சானுக்கு அனுமதிச் சீட்டு விழுந்தது. வடக்கு மலையில் பெரிய கொம்பு எல்க் மான் ஒன்றைச் சுடலாம். பதினாறு வருஷம் விண்ணப்பம் போட்டு வந்தது. சீட்டு வந்த அன்று மனுஷன் அக்காவைத் தூக்கிச் சுற்றினார். பழகின கூடுதான் நம்பிக்கையானது என்று, ஆறேழு தடவை சுட்டு விறைத்த இருபது கூடுகளை எடுத்துத் தோட்டா செய்தார். எல்லாம் ஆயிரத்தில் இரண்டு. எதையும் துப்பாக்கியில் போட்டுப் பார்க்கவில்லை. நோட்டு இருக்கும்போது அது அவமானமாம்.

முதல் நாள் விடியலில் நாங்கள் பாறைக்குப் பின்னால் படுத்திருந்தோம். இருநூறு கஜத்தில் மான் வந்து நின்றது. அப்படி ஒரு கொம்பை நான் பார்த்ததே இல்லை. மச்சான் போல்ட்டைத் தள்ளினார். முக்காலோடு நின்றது. இன்னொரு தோட்டாவை மாற்றினார். அதுவும் நின்றது.

"அறைங்க மச்சான்," என்றேன் கிசுகிசுப்பாக.

"அறைஞ்சா சத்தம் கேட்டுடும்டா!"

என் துப்பாக்கியை நகர்த்தினேன். "இதைப் பிடிங்க. ஆர்லீன் போட்டுக் குடுத்த தோட்டா."

மச்சான் அதைக் கையில் வாங்கினார். மான் பக்கவாட்டில் அசையாமல் நின்றது. அப்போது அந்த மனுஷன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"தோளை எவ்வளவு தள்ளியிருக்கா, மாப்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் மலையில் மான் இல்லை. இதற்குச் சிரிப்பதா அடிப்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று மதியம் அக்காவே ஆர்லீனைக் கூப்பிட்டு வந்தாள். சமையலறை மேஜையில் மச்சான் நோட்டுகளைப் பரப்பி, சுட்ட கூடு ஒன்றை அளந்து காட்டினார். அச்சில் கொடுத்து மறுபடி அளந்தார். "பாத்தியா? ரெண்டு!"

ஆர்லீன் சுட்ட கூடு இன்னொன்றை எடுத்து அடிப்பக்கத்தில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மூடியை விரலால் தடவினாள். "அண்ணே, பழைய பிரைமர் உள்ள இருக்கும்போதேவா அளக்குறீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"துப்பாக்கி ஊசி குத்தின இடத்துல விளிம்பு எழும்பி நிக்குதே. தடவிப் பாருங்க."

அந்தக் கூட்டையும் ஒரு தடவை அளக்கச் சொல்லி, பழைய பிரைமரை ஊசியால் தட்டி எடுத்துவிட்டு, அச்சில் கொடுக்காமலேயே கூட்டை அவரிடம் நீட்டினாள். மச்சான் மறுபடி அளந்தார். ஆயிரத்தில் இரண்டு குறைந்தது. அச்சில் கொடுத்த பிறகு அளந்தார். அதே அளவு. அவருடைய அச்சு பிரைமரை மட்டும்தான் வெளியே தள்ளியிருக்கிறது. தோள்பட்டையை அது தொட்டதே இல்லை; அதனால்தான் கூடு உப்பினபடியே இருந்து போல்ட் மூட மறுத்தது.

மச்சான் பதினோரு நோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். எனக்குப் பாவமாக இருந்தது.

அச்சை அன்றே சரிசெய்தார்கள். அதன்பின் மூன்று வாரம், காலை தவறாமல், போல்ட் வெண்ணெயில் கத்தி போல மூடியது. மான்தான் வரவில்லை. கடைசி நாளும் முடிந்தது. சீட்டு காலாவதியாகி, இனி குலுக்கலுக்கு அவர் முதலிலிருந்து விண்ணப்பம் போட்டு வரவேண்டும்.

ஊர் வேட்டைச் சங்கத்து விருந்தில் வேறு யாரும் ஆரம்பிப்பதற்குள் மச்சானே எழுந்து எல்லாவற்றையும் சொன்னார், மானை வைத்துக்கொண்டு அளவு கேட்டது உட்பட. கூடம் அதிரச் சிரித்தார்கள். ஆர்லீன் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ சிரிக்கணும்மா," என்றார் மச்சான். "உனக்குத்தான் முதல் உரிமை."

"எனக்குச் சிரிப்பு வரலைண்ணே. அந்தச் சீட்டுக்கு நான் பத்தொன்பது வருஷமா போடுறேன். ஒரு தடவைகூட விழலை."

மச்சான் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவளுக்குக் கிடைப்பதெல்லாம் கொம்பில்லாத பெட்டை மான் சீட்டுகள்தான் என்பதை இத்தனை வருஷமும் நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

"அடுத்த வருஷம் விழும்," என்றார் மச்சான்.

"விழுந்தா நீங்களும் கூட வாங்க," என்றாள் ஆர்லீன். "ஆனா ஒண்ணு. மானைப் பாத்ததும் வாயைத் திறக்கக் கூடாது."

"சத்தியமா திறக்கமாட்டேன்," என்றார் மச்சான்.