ஆறாம் நம்பருக்கு சிங்கப்பூர் இல்லை

போன வெள்ளிக்கிழமை காஜா பெராங் ரப்பர் கம்பெனியில் ஒரு மனிதர் டெலிபோனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆபீஸ் குமாஸ்தா, கிராணி சுந்தரம். பத்திரிகைக்குச் செய்தி சொல்ல நான் போன் இரவல் கேட்டுப் போகும் இடம் அது.

"லைன் கெட்டுப்போச்சு சார். ஒரு வாரமா எனக்கு ஒரு கால் வரல."

"மத்தவங்களுக்கெல்லாம் வருதுண்ணே," என்றாள் ஆபரேட்டர் சரோஜா, சுவிட்ச்போர்டிலிருந்து திரும்பாமலே. "உங்க காதைக் காட்டுங்க டாக்டர்கிட்ட."

சுந்தரம் என்னை வெளியே இழுத்துப் போனார். சிங்கப்பூரில், தாய்வீட்டில், மனைவிக்கு முதல் பிரசவம். நாள் தாண்டிவிட்டது. பிறந்ததும் முனைக் கடையிலிருந்து போன் செய்வதாகக் கடிதம். அந்தக் கடை நம்பர் இவரிடம் இல்லை. தந்தி? மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார்... தந்தி என்றாலே சாவுச் செய்தியாம்.

"சரோஜாகிட்ட சொன்னீங்களா?"

"பிறக்கிறதுக்கு முன்னாடி வெளிய சொல்லுவாங்களா சார்? கண்ணு பட்டுரும்."

டெலிபோன் மெக்கானிக் வந்தார். கம்போங் செட்டி கிராமத்துக்காரர் சிதம்பரம் — பெயர் தமிழ், பேச்சு மலாய். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஒட்டிய காகிதக் கொடி இன்னும் தொங்கும் கம்பத்தில் ஏறி, கையிலிருந்த போனை வயரில் மாட்டி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார். பதில் வந்தது. இறங்கி, சுவர்ப் பெட்டியில் மாட்டினார். வந்தது. போர்டில் ஒன்று முதல் பத்துவரை ஒவ்வொரு ஓட்டையிலும் பிளக்கைச் செருகச் சொன்னார். பத்தும் மணியடித்தன. சுந்தரத்தின் ஆறும்தான்!

"வாயர் தாக் ரோசாக்," என்றார். வயர் கெடவில்லை.

சுந்தரத்தின் முகம் வெளுத்தது. வயர் நன்றாக இருந்தால், அங்கே அல்லவா ஏதோ ஆகியிருக்கிறது?

சிதம்பரம் கிளம்பவில்லை. எங்கிருந்து வரவேண்டிய கால் என்று மலாயில் கேட்டார். "சிங்கப்பூர்..." என்று முணுமுணுத்தார் சுந்தரம். மெக்கானிக் சுவர்ப் பெட்டிக்குத் திரும்பி, சிங்கப்பூர் கால் மாதிரி ஒன்று போட்டுப் பார்க்கும்படி எக்ஸ்சேஞ்ச் நண்பரிடம் சொன்னார். போர்டில் மணி அடித்தது.

"சிங்கப்பூர் டிரங்க் காலா? மிஸ்டர் சுந்தரத்துக்கா? ஆள் இல்லீங்க," என்றாள் சரோஜா.

ஆள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இது!"

"நீங்க சொன்னதுதானேண்ணே?"

ஆறாம் ஓட்டைக்கு மேல் ஒரு சீட்டு. 'சிங்கப்பூர் என்றால் நான் இல்லை.' சுந்தரத்தின் கையெழுத்தேதான். மகளைச் சீக்கிரம் அனுப்பு என்று மாமியார் ஓயாமல் கூப்பிட்ட மாதங்களில் ஒட்டியது. மனைவி போய்ச் சேர்ந்ததும் இவர் மறந்துவிட்டார். சரோஜா மறக்கவில்லை.

"இந்த வாரம் மட்டும் நாலு தடவை சொல்லிட்டேன்," என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

பத்து ஓட்டையையும் சோதித்த எங்களில் ஒருவராவது அந்தச் சீட்டை வாசித்தோமா? நாமே போட்ட தாழ்ப்பாள் நம் கண்ணில் படுவதேயில்லை.

விஷயம் தெரிந்ததும் சரோஜாவே சீட்டைப் பிய்த்தெடுத்தாள். மூன்று மணிக்கு மறுபடி சிங்கப்பூர். பெண் குழந்தை, ஏழு ராத்தல், செவ்வாய்க்கிழமையே பிறந்துவிட்டது, இருவரும் சுகம். மூன்று நிமிட டிரங்க் காலில் இதற்கு அரை நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடமும் மாமியாருடையது. "சரிங்க அத்தை" தவிர சுந்தரம் எதுவும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

முழுவதையும் ஒட்டுக்கேட்ட சரோஜா ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணே... சீட்டை மறுபடி ஒட்டிரவா?"